தொலைஞ்சது முள்வாங்கி மட்டும்தான், கத்தி இல்ல

உங்க பேக்லயோ சாவிக்கொத்துலயோ வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புக் கலர் சுவிஸ் கத்தி ஒண்ணு இருந்தா, ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்க. கைப்பிடியில ரெண்டு சின்னப் பொந்து இருக்கும். ஒண்ணுல பல்குத்தி இருக்கணும். இன்னொண்ணுல ட்வீசர், அதாவது நம்ம ஊர் முள்வாங்கி. ரெண்டும் இருக்கா? எங்க ஹாஸ்டல் விங்ல இந்தக் கத்தி அஞ்சு பேர்கிட்ட இருக்கு. ரெண்டு பாகமும் பத்திரமா இருக்கிறது ஒருத்தன்கிட்டதான். அவனும் அதை இன்னும் பெட்டியை விட்டே வெளியே எடுக்கல.

என்கிட்ட இருக்கிறது அப்பாவோடது. 1998-ல ஷார்ஜாவுல ஒரு ஒர்க்‌ஷாப்ல லேத் ஆபரேட்டரா இருந்தப்போ வாங்கினது. விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன்னு ஒரு மாடல். ரெண்டு பிளேடு, டின் ஓப்பனர், பாட்டில் ஓப்பனர், கார்க் திருகி, துளை போடுற ஊசி, அதோட பல்குத்தி, ட்வீசர். கைப்பிடியில சூடு பண்ணின ஊசியால தன் பேரோட முதல் எழுத்தைக் கீறி வச்சிருப்பார். லேத்துல வேலை பார்க்கிறவங்க விரல்ல இரும்புப் பிசிறு ஏறுறது தினசரி சமாச்சாரம். அதனால அந்தக் கத்தியில அப்பா அதிகம் தொட்டது பிளேடை இல்ல, ட்வீசரைத்தான். நான் காலேஜ் சேர்ந்தப்போ "வச்சுக்கப்பா, உதவும்"னு குடுத்தார். பல்குத்தி மூணாவது செமஸ்டர்ல காணாமப் போச்சு. ட்வீசரை அஞ்சாவது செமஸ்டர்ல ரூம்மேட் கால்ல ஏறின சிலாம்பை எடுக்கக் குடுத்தேன். அவன் மெத்தை மேல வச்சான். அவ்வளவுதான்.

அப்பாகிட்ட சொல்லல. ஒன்றரை வருஷமா சொல்லல. இப்போ கடைசி வருஷம், பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகணும், கத்தியைக் கையில வாங்கிப் பார்ப்பார். அந்தப் பயத்துலதான் இந்த விஷயத்தை முழுசாத் தெரிஞ்சுக்கிட்டேன். அதைத்தான் உங்களுக்கு எழுதறேன்.

முதல்ல, இது ஏன் இவ்வளவு சுலபமா தொலையுது? இந்தக் கத்தியை உருவாக்கினவர் கார்ல் எல்சனர். 1884-ல ஸ்விட்சர்லாந்தின் ஈபாக்ங்கிற ஊர்ல கத்திப் பட்டறை ஆரம்பிச்சார். 1891-ல சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி சப்ளை பண்ணினார். 1897-ல அதிகாரிகளுக்குன்னு ஒரு மாடலைப் பதிவு பண்ணினார். கத்தியோட ரெண்டு பக்கத்துலயும் கருவிகள் இருக்கும், ஆனா ரெண்டு பக்கத்தையும் தாங்குறது ஒரே முதுகு ஸ்பிரிங். இந்த யோசனைதான் இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. பிளேடு, ஓப்பனர், கார்க் திருகி எல்லாம் ரிவெட் அடிச்சு, ஸ்பிரிங் அழுத்தத்துல உட்கார்ந்திருக்கும். ரிவெட்டை அறுத்தாத்தான் கழட்ட முடியும். உடையலாம், தொலையாது.

பல்குத்தியும் ட்வீசரும் அந்தக் குடும்பத்துல சேர்ந்தவை இல்ல. அதுங்களுக்கு ரிவெட் கிடையாது, பூட்டு கிடையாது, வெறும் உராய்வு மட்டும்தான். ட்வீசரோட ரெண்டு காலும் லேசா அகண்டு நிக்கும். பொந்துக்குள்ள தள்ளும்போது கால்கள் நெருங்கி, சுவரை வெளிப்பக்கமா அழுத்தும். ரெண்டாம் வருஷம் படிச்ச கேன்டிலீவர் பீம் ஞாபகம் இருக்கா? அதேதான், ரெண்டு கேன்டிலீவர். அந்த அழுத்தம் பெருக்கல் உராய்வுக் கெழு, அதுதான் ட்வீசரைப் பிடிச்சு வைக்கிற விசை. பல்குத்திக்கு அந்த ஸ்பிரிங்கும் கிடையாது. பொந்தோட அளவுக்கும் குச்சியோட அளவுக்கும் நடுவுல இருக்கிற இறுக்கத்தை மட்டும் நம்பி இருக்கு.

இறுக்கத்தை நம்பினா என்ன ஆகும்? வழக்கமான சிவப்புக் கைப்பிடி செல்லிடார்ங்கிற பிளாஸ்டிக். செல்லுலோஸ் வகையைச் சேர்ந்தது. எந்தப் பிளாஸ்டிக்கா இருந்தாலும் தொடர்ந்து அழுத்தத்துல இருந்தா மெதுவா இடம் விட்டுக் குடுக்கும். மெட்டீரியல் சயின்ஸ்ல க்ரீப்னு படிச்சோமே, அது. அதுக்கு மேல நாம போர் அடிக்கும்போதெல்லாம் ட்வீசரை உருவி உள்ள விட்டு விளையாடுவோம். ஒவ்வொரு தடவையும் சுவர் துளி தேயும். பைக் சீட்டுக்கு அடியில வெயில்ல வேகவச்சா இன்னும் சீக்கிரம் தளரும். ஆக, இது உங்க கவனக்குறைவு மட்டும் இல்ல. சரி, ஓரளவுக்குக் கவனக்குறைவும்தான்.

இந்த இடத்துல எங்க தாத்தாவைச் சொல்லியே ஆகணும். அவர் அரைஞாண் கயிறுல ஒரு சின்னக் கொத்து தொங்கும். முள்வாங்கி, பல்குத்தி, காதுகுறும்பி மூணையும் ஒரே வளையத்துல கோத்திருப்பார். சுவிஸ் கத்தியில இருக்கிற அதே ரெண்டு சாமான், கூடவே ஒண்ணு போனஸ். அது ஒருநாளும் தொலைஞ்சது கிடையாது. ஏன்னா வளையத்துல கோத்ததை உபயோகிக்க வளையத்தை விட்டுக் கழட்ட வேண்டாம். சுவிஸ் கத்தியில உருவி எடுத்தாத்தான் உபயோகிக்கவே முடியும். உருவின அடுத்த நொடி அது அனாதை. யாராவது நம்ம கவனத்தைக் கலைச்சாப் போதும். ஆனா தட்டையா பாக்கெட்ல வைக்கணும்னா கொத்து சரிப்படாது. ஒண்ணு வேணும்னா ஒண்ணை விடணும்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். இந்தப் பாகங்கள் எல்லாமே தனியா விலைக்குக் கிடைக்கும். கம்பெனியே உதிரியா விக்குது. இது தெரியாம புதுக் கத்தி வாங்கினவங்களை நான் நேர்ல பார்த்திருக்கேன். வாழ்நாள் உத்தரவாதம் இருக்கே, இலவசமாக் குடுப்பாங்களான்னு கேட்காதீங்க. உத்தரவாதம் தயாரிப்புக் குறைபாட்டுக்குத்தான். மெத்தைக்கு அடியில போட்டது தயாரிப்புக் குறைபாடு ஆகாது.

வாங்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஒரே முக்கியமான வேலை, கத்தியை மடக்கி வச்சு நீளத்தை அளக்கிறது. ஸ்கேல் போதும். சாவிக்கொத்துல தொங்குற குட்டிக் கத்தி, பெரும்பாலும் கிளாசிக் எஸ்டி, 58 மில்லிமீட்டர் இருக்கும். உள்ளங்கை அளவு ஸ்பார்ட்டன், கிளைம்பர், டிங்கர் வகை எல்லாம் 91 மில்லிமீட்டர். பல்குத்தியிலயும் ட்வீசர்லயும் சின்னது, பெரியதுன்னு ரெண்டு சைஸ் உண்டு. 58-க்குச் சின்னது, 91-க்குப் பெரியது. பெரிய பல்குத்தியோட பாக எண் 3641, பெரிய ட்வீசர் 3642. சின்னப் பல்குத்தி 6141, சின்ன ட்வீசர் 6142. எண்ணுக்கு முன்னாடி ஆங்கில ஏ எழுத்தும் ஒரு புள்ளியும் போட்டுத் தேடுங்க. பேரை மட்டும் போட்டுத் தேடினா அழகு சாதன ட்வீசர் ஐநூறு வந்து நிக்கும். உங்க கத்தி இந்த ரெண்டு நீளத்துலயும் இல்லையா, மாடல் பேரைச் சொல்லிக் கேட்டுட்டு வாங்குங்க.

பழைய வெங்கர் கத்தி வச்சிருக்கீங்களா? ராணுவத்துக்குக் கத்தி சப்ளை பண்ணின இன்னொரு சுவிஸ் கம்பெனி அது. 2005-ல விக்டோரினாக்ஸ் அதை வாங்கிடுச்சு. ஒரே முதலாளி ஆகிட்டாங்களே, ஒரே பல்குத்திதானேன்னு நினைச்சு வாங்கிடாதீங்க. பொந்தோட வடிவம் வேற. அதே மாதிரி, அலுமினியத் தகடு போட்ட பயோனியர் மாதிரி மாடல்கள்ல பொந்தே இருக்காது. என் ஜூனியர் ஒருத்தன் தன் பயோனியர்ல ட்வீசர் தொலைஞ்சிடுச்சுன்னு ஒரு வாரம் தேடினான். இல்லாததை எங்கேன்னு தேடுவான்?

இன்னும் மூணு குட்டிச் சாமான் இருக்கு. கார்க் திருகியோட சுருளுக்குள்ள சுத்தி ஏத்துற மினி ஸ்க்ரூடிரைவர். இதுக்குன்னு தனியா பொந்து எதுவும் வேண்டாம். கார்க் திருகி இருக்கிற 91 மில்லிமீட்டர் கத்தி எதுலயும் திருகி ஏத்திடலாம். எண் 3643. கத்தி வாங்கும்போதே இது வராத மாடல்கள் நிறைய. ஆனா கண்ணாடி போடுற யாருக்கும் இது கட்டாயம் வேணும்னு சொல்வேன். பரீட்சை ஹால்ல மூக்குக் கண்ணாடி காது கழண்டா அந்தக் கஷ்டம் தெரியும். நாம யாரும் ஹாஸ்டல்ல ஒயின் பாட்டில் திறக்கப் போறதில்ல, கார்க் திருகிக்கு இதாவது ஒரு வேலை. அடுத்தது குண்டூசி, அதுக்கு அடுத்தது குட்டிப் பேனா. இந்த ரெண்டுக்கும் கைப்பிடியில தனி இடம் வேணும். பிளஸ்னு சொல்ற கைப்பிடித் தகட்டுலதான் அந்த இடம் இருக்கும். உங்க கத்தியில அது இல்லைன்னா வாங்கி பிரயோஜனம் இல்ல. இருந்தா குண்டூசியை விட்டுடாதீங்க. சிம் ட்ரேயைத் திறக்க அதை அடிச்சுக்க ஆளே இல்ல. 91-ல கத்தரி இருக்கிற மாடல்னா அந்தக் கத்தரியோட ஸ்பிரிங்கும் உதிரியா கிடைக்குது, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

செலவுன்னு பார்த்தா பாகத்தோட விலை பெருசா வலிக்காது, அனுப்புற செலவுதான் வலிக்கும். அதனால தனியா ஆர்டர் போடாதீங்க. எங்க விங்ல நாலு பேர் சேர்ந்து போட்டோம். ரெண்டு பல்குத்தி கூடுதலா வாங்கி வச்சிருக்கோம், எப்படியும் தேவைப்படும். ஒரு எச்சரிக்கை. உங்க கத்தி அசலான்னு முதல்ல பாருங்க. பெரிய பிளேடோட அடிப்பக்கத்துல கம்பெனி பேர் பொறிச்சிருக்கணும். போலியில பொந்து அளவு அவனவன் இஷ்டம். அசல் பாகம் அதுல லொடலொடன்னு ஆடும், இல்ல நுழையவே நுழையாது.

சரி, பாகம் வந்துருச்சு. அப்படியே உள்ள தள்ளிடாதீங்க. வருஷக்கணக்கா காலியா இருந்த பொந்துல பாக்கெட் பஞ்சு, மண், பிஸ்கட் தூள் எல்லாம் குடியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணியில கத்தியை அலசி, மெல்லிசா சீவின குச்சியால நோண்டி, நல்லா காயவிடுங்க. ஸ்டீல் கருவிகளோட மூட்டுல ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. பொந்துக்குள்ள எண்ணெய் வேண்டாம். உராய்வாலதான் நிக்குதுன்னு இப்பத்தானே பார்த்தோம்? சுத்தம் பண்றேன்னு அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் கிட்ட கொண்டு வராதீங்க. செல்லிடார் அதுல கரையும். லேப்ல கையில ஒட்டின ஃபெவிக்விக்கை எடுக்க அசிட்டோன் தேய்ச்சுட்டு, அதே கையால கத்தியைத் தொட்டு, பளபளப்பு போய் ஒரு விரல் ரேகை நிரந்தரமாப் பதிஞ்ச கத்தி ஒண்ணு எங்க விங்ல இருக்கு.

புது ட்வீசரோட நுனியை வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சு மூடிப் பாருங்க. ரெண்டு நுனிக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா முடியும் பிடிக்காது, பிசிறும் பிடிக்காது. நைஸ் எமரி பேப்பரை ஒரு துண்டு வெட்டி, நுனிக்கு நடுவுல வச்சு லேசா மூடி இழுங்க. பேப்பரைத் திருப்பி இன்னொரு தடவை. நாலஞ்சு தடவையில சரியாகும். அதிகமா இழுத்தா நுனி மெலிஞ்சு போகும். தகட்டோட தடிமன் பாதியானா விறைப்பு எட்டுல ஒரு பங்கா இறங்கும், ஃபார்முலாவுல கனம் இருக்கிறதால. எக்ஸாமுக்கு மட்டும்தான் அந்த ஃபார்முலான்னு நினைச்சிருந்தேன்.

ட்வீசர் பொந்துல தளர்வா இருந்தா கால்களை நகத்தால லேசா அகட்டி விடுங்க. ஸ்டீல் வளைஞ்சு பழைய இடத்துக்கே திரும்பினா இன்னும் கொஞ்சம். திரும்பாம அங்கேயே நின்னா போதும், அதோட விட்டுடணும்.

என் பிரச்சினை பல்குத்தியில வந்துச்சு. புதுசு நுழைஞ்சது, ஆனா கத்தியைக் கவிழ்த்தா விழுந்துச்சு. இருபது வருஷத்துக்கு மேல தேஞ்ச பொந்து. சரியான வைத்தியம் கைப்பிடித் தகட்டையே மாத்துறது. இந்தச் சிவப்புத் தகடுக்கு ஸ்க்ரூ கிடையாது. உள்ள இருக்கிற ரிவெட் தலைகள் மேல அமுக்கி மாட்டினது. மெல்லிய தகடு ஒண்ணை விட்டு நெம்பினா கழண்டு வரும். புதுசை வச்சு அமுக்கினா மாட்டிக்கும். புதுத் தகடும் விலைக்குக் கிடைக்குது, யோசிக்காம மாத்தியிருக்கலாம். ஆனா அப்பா கீறின எழுத்து அந்தத் தகட்டுலதான் இருக்கு. பல்குத்தி நிக்கணும்னு எழுத்தைத் தூக்கிப் போடுறதா? ரெண்டு நாள் யோசிச்சுட்டு விட்டுட்டேன். அதுக்குப் பதிலா பல்குத்தியை விரல்ல பிடிச்சு, வில்லு மாதிரி ரொம்ப லேசா வளைச்சேன். பொந்து நேரா இருக்கு, குச்சி வளைஞ்சிருக்கு. அதனால ரெண்டு முனையும் ஒரு சுவர்ல, நடுப்பகுதி எதிர்ச் சுவர்ல அழுத்தும். ட்வீசருக்கு இருக்கிற ஸ்பிரிங் குணத்தைப் பல்குத்திக்கும் கொஞ்சம் குடுத்த மாதிரி. நிக்குது. எவ்வளவு நாள் நிக்கும்னா, க்ரீப் இதுக்கும் உண்டு. தளர்ந்தா திரும்ப வளைக்கணும்.

பாகமே கிடைக்காத பிராண்டு கத்தி வச்சிருக்கவங்க என்ன பண்றது? நம்ம லேப்ல இருக்கிற த்ரீடி பிரிண்டர்தான் எனக்கும் முதல்ல தோணுச்சு, ஆர்டர் வர்றதுக்கு முன்னாடி முயற்சி பண்ணினேன். வெர்னியர் வச்சுப் பொந்தை அளந்து, வரைஞ்சு, பிஎல்ஏ-வுல குச்சியை நிமிர்த்தி நிறுத்தி பிரிண்ட் போட்டேன். உருவும்போதே ரெண்டா உடைஞ்சுது. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல இருக்கிற பிடிப்புதான் இந்தப் பிரிண்டிங்ல பலவீனமான இடம். நிமிர்த்திப் போட்டா ஒவ்வொரு அடுக்கும் குச்சிக்குக் குறுக்கே விழுது. படுக்க வச்சுப் போட்டப்போ அடுக்குகள் நீளவாக்குல ஓடுச்சு, உடையல. ஆனா அடுக்கு உயரம் 0.2 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய குச்சியில ஒரு அடுக்கு கூடினாலே நுழையல, ஒண்ணு குறைஞ்சா ஆடுது. அதுவும் போக, அடுக்கு இடுக்குல அழுக்கு தங்கும். அதை வாயில வைக்க எனக்கு மனசு வரல. பொந்தை மூடி வைக்கிற அடைப்பானா வேணும்னா வச்சுக்கலாம்.

மூங்கில்தான் ஜெயிச்சுது. ஐஸ்கிரீம் கடை மூங்கில் கரண்டி இல்ல பழைய முறத்தோட ஒரு சிம்பு, எதுவானாலும் சரி. பொந்து தட்டையா இருக்கிறதால உருண்டையான ஈர்க்குச்சி சரியா உட்காரல. மூங்கிலைத் தட்டையா சீவ முடியும். அந்தக் கத்தியோட சின்ன பிளேடாலயே சீவி, எமரி பேப்பர்ல தேய்ச்சு, தலைப்பக்கத்தைக் கொஞ்சம் அகலமா விட்டுட்டா நகத்துக்குப் பிடி கிடைக்கும். பத்து நிமிஷ வேலை. அழுக்கானா தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு சீவலாம். ஆனா ட்வீசரை இப்படி வீட்டுல செய்ய முடியாது. அதுக்கு ஸ்பிரிங் குணம் உள்ள ஸ்டீல் வேணும். வாங்கித்தான் ஆகணும்.

கத்தியோட போன வாரம் வீட்டுக்குப் போனேன். அப்பா எதிர்பார்த்த மாதிரியே கையில வாங்கினார். பிளேடைத் திறக்கல. நேரா ட்வீசரை உருவினார். நுனியை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார்.

"இது புதுசாச்சே."

உண்மையைச் சொல்லிட்டேன். ஒன்றரை வருஷக் கதையையும் சொன்னேன். அவர் திட்டுவார்னு நின்னா, "பழசுன்னு நீ எதைச் சொல்றே? அதுவும் நான் மாத்தினதுதான். முதல்ல வந்தது ஷார்ஜாவுலயே லேத்துக்கு அடியில போயிருச்சு"ன்னார். அப்புறம் ஆள்காட்டி விரலை நீட்டினார். காலையில ஏறின பிசிறாம். என் கண்ணு நல்லாத் தெரியும்னு என்னையே எடுக்கச் சொன்னார். ரெண்டாவது முயற்சியில வந்துச்சு. கத்தியைத் திருப்பிக் குடுக்கும்போது, ட்வீசரைப் பொந்துல வச்சு அமுக்கி, தலை வெளியே தெரியுதான்னு ஒரு தடவை தடவிப் பார்த்துட்டுத்தான் குடுத்தார்.

கடைசியா ஒண்ணு. விமானத்துல போறவங்க கத்தியைக் கைப்பையில வச்சுடாதீங்க, செக்-இன் பெட்டியில போடுங்க. செக்யூரிட்டியில பிடிச்சா மொத்தக் கத்தியும் போயிடும், அதுக்குப் பாக எண் எதுவும் கிடையாது. ஹாஸ்டல்ல கத்தி வச்சுக்கலாமான்னு வார்டன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கூடுதலா வாங்கின ரெண்டு பல்குத்தியில ஒண்ணு இன்னும் என்கிட்ட இருக்கு. பெரிய சைஸ். 91 மில்லிமீட்டர் கத்தி வச்சிருக்கவங்க யாருக்காவது வேணும்னா விங்ல வந்து வாங்கிக்கோங்க, அளந்துட்டு வாங்க.